பேப்பரில் இருந்தவன்

ஆண்டுக்கு ஒரு முறை ஓய்வூதியர் நேர்காணலுக்குக் கருவூலம் போகிறேன். ஆதார், வங்கிப் புத்தகம், ஓய்வூதியப் புத்தகம் மூன்றையும் நீட்டி, விரல் ரேகை வைத்து, தனசேகரன் என்பவர் உயிரோடு இருக்கிறார் என்று உறுதி செய்துவிட்டு வருகிறேன். தனசேகரன் என் அண்ணன். நான் பிறப்பதற்கு நான்கு மாதம் முன்பு, ஒன்றரை வயதில், காய்ச்சலில் இறந்துபோனான்.

அவன் பிறந்ததை அப்பா கிராம முன்சீப்பிடம் போய்ப் பதிவு செய்திருந்தார். அவன் இறந்ததைப் பதிவு செய்யவில்லை. நான் பிறந்ததையும் பதிவு செய்யவில்லை. மூன்று காரியங்களில் ஒன்றை மட்டும் முறைப்படி செய்த காரணத்தால், அரசைப் பொறுத்தவரை எங்கள் வீட்டில் ஒரே ஒரு பையன் பிறந்தான். அவன் பள்ளிக்கூடம் போனான், தேர்வு எழுதி வருவாய்த் துறையில் சேர்ந்தான், துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றான். நான் என்று ஒருவன் பிறக்கவே இல்லை. வாரிசு, இருப்பிடம், சாதி என்று முப்பது வருடத்துக்கும் மேல் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் சான்று பரிந்துரைத்த கை இது. விண்ணப்பத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

எங்கள் வீடு குமணன்சாவடி கூட்டு ரோட்டுக்குப் பின்னால் நான்காவது தெருவில் இருந்தது. அப்பாவுக்கு அம்பத்தூரில் ஒரு பட்டறையில் பிட்டர் வேலை. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அடுத்ததாகப் பிறந்ததால், என்னைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டு புரட்டி எடுத்து, மூக்கைக் குத்தி, குப்பன் என்று பெயர் வைத்தார்கள். இவ்வளவு மட்டமான பெயருள்ள பிள்ளையை எமன் சீந்த மாட்டான் என்பது ஏற்பாடு. எமனுடைய அலுவலகத்தில் பெயரைப் பார்த்துத்தான் ஆளை எடுப்பார்கள் போலிருக்கிறது. நேரில் வந்து விசாரிக்கும் வழக்கமில்லை.

அம்மா என்னை இடுப்பிலிருந்து இறக்கியதே இல்லை. நான் தூங்கும்போது மூக்குக்குக் கீழே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். விரல் பட்டு நான் விழித்துக்கொண்டு அழுவேன். அழுகையைக் கேட்டபின் அவள் நிம்மதியாகத் தூங்கிவிடுவாள். மூன்றரை வயதில் எனக்கு நடக்கத் தெரியும், ஆனால் தேவைப்படவில்லை. அடுப்பில் சோறு தீய்ந்துகொண்டிருக்கும். அவள் என் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். எந்த முகத்தைப் பார்த்தாளோ.

அப்பா ஒருநாள் முடிவு செய்தார். “இத்த இப்டியே வுட்டா புள்ளயும் உருப்படாது, இவளும் உருப்பட மாட்டா” என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறதா, பின்னால் யாராவது சொல்லிக் கேட்டதா என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஐந்து வயது ஆகவேண்டும், பிறந்ததற்குக் காகிதம் வேண்டும். எனக்கு இரண்டுமே இல்லை. தாமதமாகப் பதிய மனு, இரண்டு சாட்சி, உத்தரவு என்று அலைய வேண்டும். அரை நாள் லீவு போட்டாலே பட்டறையில் முறைப்பார்கள். டிரங்குப் பெட்டியின் அடியில், அம்மாவின் கூறைப்புடவை மடிப்புக்குள், முன்சீப் முத்திரையோடு ஒரு காகிதம் சும்மா கிடந்தது. அம்மா குளத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து அப்பா அதை எடுத்துக்கொண்டார்.

வழியில், “இஸ்கூல்ல உன் பேரு தனசேகரன். யாரு கேட்டாலும் அதான் சொல்லணும், இன்னா?” என்றார். நான் தலையாட்டினேன். மூன்றரை வயதில் தலையாட்டுவதைச் சம்மதமாகக் கொள்ள எந்த விதியிலும் இடமில்லை.

அந்தக் காலத்தில் வயதை நிரூபிக்க இன்னொரு முறையும் உண்டு. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த வருடம். பெரிய வாத்தியார் என்னைத் தொடச் சொன்னார். என் விரல்கள் உச்சந்தலையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் இறங்கி நின்றுவிட்டன. கழுத்தைச் சாய்த்துக் காதையே மேலே கொண்டுவரப் பார்த்தேன். அதுவும் பலிக்கவில்லை.

“என்னய்யா இது? காகிதத்துல அஞ்சு தாண்டிட்டான். கையில மூணுதான் இருக்கு.”

“சவலப்புள்ள சார். வளர்த்தி பத்தல” என்றார் அப்பா, கண்ணிமைக்காமல்.

பெரிய வாத்தியார் கையைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். காகிதத்தில் முத்திரை இருந்தது. கையில் இல்லை. சேர்க்கைப் பதிவேட்டில் தனசேகரன் என்று எழுதினார். நான் வகித்த முதல் கூடுதல் பொறுப்பு அது.

ஒன்றாம் வகுப்பு வாத்தியார் கெட்டவர் அல்ல, குரல்தான் பெரியது. காலையில் பெயர் கூப்பிடுவார். ஒவ்வொருவரும் எழுந்து “உள்ளேன் ஐயா” என்பார்கள். தனசேகரன் என்று கூப்பிட்டதும் ஒருவரும் எழ மாட்டார்கள். தினமும் வராமல் இருக்கும் அந்தப் பையன் யார் என்று நானும் திரும்பிப் பின்வரிசையைப் பார்ப்பேன்.

“டேய், உன்னத்தாண்டா! காது செவிடா?”

“சார், அவன் பேரு குப்பன் சார்” என்பான் எங்கள் தெருப் பையன் ஒருவன்.

“வீட்டுப் பேர் வீட்டோட. இங்க தனசேகரன். சொல்லு, உன் பேர் என்ன?”

“குப்பன்” என்பேன். வகுப்பு சிரிக்கும். நானும் சிரிப்பேன். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தெரிய எனக்கு இன்னும் ஒரு வருடமாவது ஆகவேண்டியிருந்தது.

பலப்பத்தை முஷ்டியால் பிடித்தேன். ஒன்று, இரண்டுக்குப் பிறகு நான்கு சொன்னேன். பதினோரு மணிக்குத் தரையில் படுத்துத் தூங்கினேன். எழுந்ததும் டவுசர் நனைந்திருக்கும். அம்மா என்று அழுவேன். வெகுகாலம் கழித்து என் மகள் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எட். படித்தபோது அவளுடைய உளவியல் புத்தகத்தைப் புரட்டினேன். எந்த வயதில் குழந்தை எதைச் செய்யும் என்று அட்டவணை போட்டிருந்தார்கள். அதன்படி நான் ஒரு குறையும் இல்லாத, விதிமுறைப்படி வளர்ந்த பிள்ளை. அட்டவணையில் தப்பில்லை, என்னிலும் தப்பில்லை. வேறொருவன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

ஆனால் வகுப்பில் அட்டவணை கிடையாது. எனக்கு மந்தம் என்று பெயராகிவிட்டது. குப்பன், தனசேகரனுக்குப் பிறகு மூன்றாவது பெயர். விநோதம் என்னவென்றால், “ஏ மந்தம்!” என்று கூப்பிட்டால் மட்டும் உடனே திரும்பினேன். அதை எனக்கே எனக்கென்று வைத்தார்கள்.

கால் பரீட்சை முடிந்து ஒரு வாரத்தில் வீட்டுக்கு ஆள் விட்டார்கள். அப்பா பகல் ஷிப்டில் இருந்ததால் அம்மா வந்தாள். பெரிய வாத்தியாரின் அறையில் மேசைக்கு இந்தப் பக்கம் அவளும், அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றோம். பதிவேடு திறந்திருந்தது.

“ஏம்மா, அஞ்சரை வயசுப் பையன் பண்ற வேலையா இதெல்லாம்?” என்று வகுப்பு வாத்தியார் ஆரம்பித்தார். “பேர் கூப்பிட்டா திரும்பத் தெரியல. டவுசரை நனைச்சிடறான். மூளை வளர்ச்சி இல்ல. பேரை எடுத்துடறோம், நீ கீழ்ப்பாக்கத்துல கொண்டுபோய்க் காட்டு.”

எங்கள் பக்கத்தில் கீழ்ப்பாக்கம் என்று சொன்னால் அது ஊரைக் குறிக்காது, மனநோய் ஆஸ்பத்திரியைக் குறிக்கும். அம்மாவின் கை என் தோளில் இறுகியது. “கொயந்தைக்கு ஒண்ணுமில்ல சார்” என்றாள். “ஊட்ல நல்லாத்தான் கீறான். குப்பான்னா ஓடியாறான்.”

“அதாம்மா சொல்றேன். தனசேகரன்னா திரும்ப மாட்டேங்கறான்.”

“யாரு சார் தனசேகரன்?” என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

பெரிய வாத்தியார் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி, வரியைக் காட்டினார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். தூங்கும்போது என் மூக்குக்குக் கீழே வைக்கிற அதே மாதிரி, படாமல், சற்று மேலே.

“இதுல கீறவன் இவன் இல்ல சார்” என்றாள். “இவன் குப்பன். அவன்... அவன் பூட்டான் சார்.”

“எப்ப?”

“இவன் வயித்துல கீறச் சொல்லோ.”

பெரிய வாத்தியாருக்கு முன்னால் என்னென்ன வழிகள் இருந்தன என்று இன்று எனக்குத் தெரியும். சேர்க்கையை ரத்து செய்யலாம். அப்பாவிடம் விளக்கம் கேட்கலாம். மேலே எழுதலாம், எழுதினால், கை எட்டாததைப் பார்த்தும் ஏன் சேர்த்தாய் என்று அவருக்கே ஓலை வரும். அவர் பதிவேட்டை மூடினார். “நான் ஒண்ணும் கேக்கலம்மா. நீயும் ஒண்ணும் சொல்லல. பையன் இங்கயே இருக்கட்டும்” என்றார். வகுப்பு வாத்தியாரிடம், “தூங்கினா எழுப்பாதீங்க” என்றார். என் பணிக்காலத்தில் எத்தனையோ ஆணைகளைப் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக, எண்ணும் தேதியும் இல்லாமல், இவ்வளவு சரியாக ஒன்றைப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை. அம்மாவுக்கு எண்பதைத் தாண்டி நினைவு தடுமாறத் தொடங்கியபோது, டாக்டர் கேள்வித்தாள் ஒன்றை வைத்துக்கொண்டு சோதித்தார். இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், உங்கள் பையன் பெயர் என்ன. “எந்தப் பையன்?” என்று அம்மா கேட்டாள். டாக்டர் ஒரு மதிப்பெண் குறைத்துக்கொண்டார். அந்தத் தாளிலேயே சரியான பதில் அதுதான். எடுத்துச் சொல்லியிருக்கலாம். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

பெரிய வாத்தியாரின் அறையில் நின்ற பையனுக்கு வருகிறேன். அவன் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்: பூட்டான்.

போய்விட்டான் என்பதற்கு எங்கள் தெருப் பேச்சு அது; அந்தச் சொல்லுக்கு ஓய்வே கிடையாது. அப்பா பட்டறைக்குப் பூட்டார் என்பார்கள், சாயங்காலம் வந்துவிடுவார். பஸ் பூட்ச்சி என்பார்கள், இன்னொன்று வரும். செத்துப்போனாலும் அதே சொல்தான். அம்மா காலமானான் என்று எழுத்துத் தமிழில் சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றுமே புரிந்திருக்காது, தொல்லையும் இல்லை. பூட்டான் என்றதால் நன்றாகப் புரிந்துவிட்டது. சாவு என்பது திரும்பி வராதது என்ற விவரம் அந்த வயதுப் பிள்ளைக்கு எட்டாது என்று மகளின் புத்தகத்தில் ஐந்து மதிப்பெண் கேள்விக்கான பதிலாகப் போட்டிருந்தது. அடியில் அவள் பென்சிலால் கோடு இழுத்து, “முக்கியம்” என்று எழுதியிருந்தாள்.

ஆக, தனசேகரன் என்று ஒருவன் இருக்கிறான். கூப்பிட்டால் எழுந்து நிற்பான். டவுசரை நனைக்க மாட்டான். வாத்தியாருக்கு அவன்தான் வேண்டும். எங்கேயோ போயிருக்கிறான்.

அம்மாவுக்கும் அவன்தான் வேண்டும் என்பது அன்று சாயங்காலம் தெரிந்தது. அப்பா வந்ததும் அம்மா கேட்டது ஒரே கேள்வி: “பொட்டிய ஏன் தொறந்தே?”

“அவன் பேரு சும்மாதானே கெடந்துது. இவனுக்கு ஒதவட்டுமேன்னு...” என்று அப்பா இழுத்தார். அம்மா கத்தவில்லை, அழவில்லை. என்னை இடுப்பிலிருந்து இறக்கித் தரையில் விட்டாள். அவ்வளவுதான். மறுநாளும் அதற்கு மறுநாளும் என்னைத் தூக்கவில்லை. குப்பா என்று கூப்பிடவில்லை. சோறு போட்டாள், குளிப்பாட்டினாள், முகத்தைப் பார்க்கவில்லை. தூங்கும்போது மூக்குக்குக் கீழே விரல் வரவில்லை. எழுப்ப ஆளில்லாமல் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். மாறாக, விழித்துக்கொண்டு அந்த விரலுக்காகக் காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். தனசேகரனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். அவன் வகுப்புக்குப் போவான். நான் வீட்டில் இருப்பேன். அம்மா பழையபடி ஆகிவிடுவாள். படுக்கிற இடத்தைக்கூட ஒதுக்கிவிட்டேன்: அம்மா, பக்கத்தில் நான், சுவர் ஓரமாக அவன். அதற்கு மேல் விட்டுக்கொடுக்க முடியாது.

இடைவேளை மணி அடித்ததும் கூட்டு ரோட்டுக்குப் போய் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். வெயில் ஏறியிருந்தது. பெங்களூர் சாலையில் லாரிகள் போகும்போது மண் எழும்பிக் கண்ணில் விழும். ஒவ்வொரு பஸ்ஸிலிருந்து இறங்குபவர்களையும் பார்த்தேன். மூன்றாவதிலோ நான்காவதிலோ இருந்து, எண்ணெய் வைத்துத் தலை வாரிய ஒரு பையன் இறங்கினான். பார்த்தாலே கெட்டிக்காரன் என்று தெரிந்தது. ஓடிப்போய், “நீ தனசேகரனா?” என்று கேட்டேன். அவனுடைய அம்மா அவனை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். அந்தப் பெயர் தெரிந்தவன் மாதிரியே அவன் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான். அவனாகவே இருக்கலாம், வேறு வீட்டுக்குப் போகிறான் என்று அவன் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

நிறுத்தத்துக்கு எதிரே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர் பூந்தமல்லிக்காரர். எல்லோரும் பாய் என்பார்கள். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு வந்தார்.

“இன்னாடா நைனா, இஸ்கூல் வுட்டாச்சா? இங்க நின்னுகினு கீறே?”

“அண்ணன் வர்றான்.”

“உனுக்கு ஏதுடா அண்ணன்? நீதாண்டா உங்க ஊட்டுக்கு மொத மந்திரி, கடசி மந்திரி எல்லாம்.”

“கீறான். தனசேகரன். பூட்டானாம். அம்மா சொல்ச்சி.”

பாய் முகத்தில் இருந்த சிரிப்பு போன விதத்தைப் பார்த்து, நான் எதையோ உடைத்துவிட்டேன் என்று பயந்தேன். கையில் ஒட்டியிருந்த பஞ்சர் பசையைக் கைலியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அண்ணனைத் தூக்கிக்கொண்டு போன அன்று அப்பாவுடன் அவரும் போயிருந்தார் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது.

“வெயிலு கொளுத்துது. வா, ஊட்டாண்ட வுட்டுடறேன்.”

“நா பூட்டா அவனுக்கு ஊடு யாரு காட்டுவா?”

“அவனுக்கு உங்க ஊடு தெரியும்டா” என்றார் பாய். “அவன் உனுக்கு முந்தியே அங்க இருந்தவன்.”

அது நியாயமாகப் பட்டது. என்னைத் தூக்கி சைக்கிள் பாரில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனார். வழியெல்லாம் நான் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

எங்கள் தெரு முனையில் அம்மா எதிரே ஓடி வந்தாள். பையனைக் காணோம் என்று பள்ளிக்கூட ஆயா வந்து சொல்லியிருக்கிறாள். அம்மாவின் முடி அவிழ்ந்து கிடந்தது, காலில் செருப்பில்லை. என்னை பாரிலிருந்து பிடுங்கி இறக்கி, அடிக்கக் கையை ஓங்கினாள்.

“அடிக்காத தங்கச்சி” என்றார் பாய். “பஸ் ஸ்டாப்புல நின்னுகினு இருந்தான். அண்ணனுக்காகவாம்.”

ஓங்கிய கை அப்படியே நின்றது. மூன்று நாட்களுக்குப் பிறகு அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தெருவென்றும் பார்க்காமல் எனக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள். என் இரண்டு தோளையும் பிடித்து, பாய்க்குக் கேட்காத அளவுக்கு மிக மெல்ல, ஒரு ரகசியம் கேட்கிற மாதிரி கேட்டாள்:

“வந்தானா?”

பாய் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

அம்மாவுக்குத் தெரியாததா? அவள் மடியில்தான் அவன் போனான். அவளுக்கு எல்லாம் தெரியும். அந்த ஒரு நொடி அவளுக்கும் என் வயதுதான் ஆகியிருந்தது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து யார் கேட்ட கேள்விக்கும் எனக்குப் பதில் தெரிந்ததில்லை, இதற்குத் தெரிகிறது என்பதே. வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி கையைக் கட்டிக்கொண்டு, நேராக நின்று, உரக்கச் சொன்னேன்:

“இன்னும் வர்லமா. அடுத்த பஸ்ஸுல வந்துடுவான்.”

அம்மா என்னை இழுத்து மார்போடு அழுத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். அவள் அப்படிக் குரல் விட்டு அழுது நான் கேட்டதில்லை. வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மூச்சு முட்டியது. வழக்கம்போல இதையும் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. அவள் காதுக்கு அருகில், திருத்திச் சொன்னேன்:

“அதுக்கும் அடுத்த பஸ்ஸுலமா.”